இரண்டு விரல் துணி

ஜனவரி 8

அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது, முதலில் அதைச் சொல். அத்தானுக்கு இருமல் விட்டதா? இங்கே நாங்கள் மூவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நான் அவ்வளவு நலமில்லை. போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ கத்துவாய், நான் அழுவேன், இருவரும் வைத்துவிடுவோம். கடிதத்தில் ஒருத்தி முடிக்கும்வரை மற்றவள் வாயை மூடிக்கொண்டு இருந்துதான் ஆக வேண்டும்.

தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். உன் மாப்பிள்ளை தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். டாக்டரிடம் போனோம். "பட்டினி கிடந்து பார்த்தாச்சு, நடந்து பார்த்தாச்சு டாக்டர்" என்றேன். "அப்ப ஆபரேஷன்தாம்மா. இரைப்பையைச் சின்னதாக்கிடுவோம். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைஞ்சிடும்" என்றார், ஏதோ பைக்கு ஜிப் மாற்றுகிற மாதிரி. ஏப்ரலில் செய்யலாமாம்.

பயமாக இருக்கிறது அக்கா. மயக்கத்திலிருந்து எழுந்திருக்காவிட்டால் பாப்பாவுக்கு யார் தலை பின்னிவிடுவது என்று புத்தி எங்கெங்கோ போகிறது. எழுந்துவிட்டாலும், இத்தனை வருஷம் கூடவே இருந்த பசி போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்றும் ஒரு கவலை. சிரிக்காதே.

பஸ் நிலையத்தில் எங்கள் டிக்கெட் கவுண்டரைப் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி. கதவு ஒடுக்கம். நான் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொண்டு நுழைவதை வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். டிக்கெட் வாங்குவதைவிட அதைப் பார்க்கத்தான் காலையில் ஆவலாக வருகிறார்கள்.

நீ போ என்றால் போகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். எனக்கு வேறு யாரிடம் கேட்கத் தெரியும்?

உன்னையே நம்பியிருக்கும்,
குட்டி

ஜனவரி 19

குட்டிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, என்னை விட்டால் அதற்கும் போக்கிடம் இல்லை. உங்கள் அத்தான் இருமலை நிறுத்திவிட்டுத் தும்ம ஆரம்பித்திருக்கிறார். பாப்பாவை நான் முத்தமிட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைப் படித்துத் தையல் மெஷின் மேல் வைத்தேன். அன்றைக்கு ஒரு சட்டையின் கழுத்தை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது என் மனசு.

என்னிடம் துணி கொடுக்கும் பல் டாக்டர் அம்மாவின் நாத்தனார் இதே ஆபரேஷன் செய்துகொண்டாளாம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டதாம். கழுத்துச் சதை தொங்குகிறதாம். ஒரு ரொட்டித் துண்டை முழுதாகத் தின்ன முடியாமல் பாதியில் எழுந்து ஓடுகிறாளாம். ஆள் ஒல்லிதான், ஆனால் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று அந்த அம்மாவே சொன்னாள். உன்னைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. கேள்விப்பட்டதை மறைக்கக் கூடாதே என்று எழுதுகிறேன்.

நமக்கு என்ன கேடு வந்தது? நம் வாகு அப்படி. பள்ளிக்கூடத்தில் ரெட்டைப் பூசணி என்று கூப்பிட்டபோது நீ அழுவாய், நான் அடிப்பேன். அன்றிலிருந்து இன்றுவரை உனக்கு நான் அளவு எடுத்ததே கிடையாது. துணியை என் மேல் போட்டுப் பார்த்து வெட்டுவேன், பார்சலில் அனுப்புவேன், உனக்கு அச்சாகப் பொருந்தும். இப்படி இன்னொரு அக்கா தங்கையைக் காட்டு பார்க்கலாம்.

போகாதே என்று சொல்லமாட்டேன். பிறகு பழி என் தலையில் விழும். யோசி என்றுதான் சொல்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

தும்முகிற அத்தானுக்கு வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல். நீயும் மெஷினை விட்டு அவ்வப்போது எழுந்து காலை நீட்டு.

நீ எழுதியதை எல்லாம் டாக்டரிடம் அப்படியே கேட்டேன். சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். முடி கொஞ்ச நாள் கொட்டும், திரும்ப வளரும் என்றார். தோல் தளரத்தான் செய்யும் என்றார். சாப்பாட்டை மென்று, நிதானமாக, கொஞ்சமாகத்தான் சாப்பிட வேண்டுமாம், ஆயுசுக்கும். "பயந்தா தப்பில்ல. பயமே இல்லைன்னு சொல்றவங்களைப் பாத்தாத்தான் எனக்குப் பயம்" என்றார்.

ஆனால் ஒரு நிபந்தனை. அதற்கு முன்னால் நானாகக் கொஞ்சம் எடை குறைக்க வேண்டும். அப்போதுதான் ஈரலில் இருக்கும் கொழுப்பு கரைந்து கத்தி வைக்க வசதியாக இருக்குமாம். குறையாவிட்டால் தள்ளிப் போட்டுவிடுவார். மார்ச் நடுவில் வரச் சொல்லி எடை பார்ப்பார். வீட்டில் இருக்கிற எடை மெஷினில் நான் ஏறினால் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதனால் நீ தைத்த கவுன்தான் எனக்குத் தராசு. தினமும் காலையில் இடுப்புப் பக்கம் பிடித்துப் பார்க்கிறேன்.

ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர்களை எல்லாம் ஒரு அறையில் உட்கார வைத்துப் பேச விடுகிறார்கள். ஒரு லாரி டிரைவர், ஆறடி ஆள், ஊசி என்றாலே கண்ணை மூடிக்கொள்கிறார். அவரைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அக்கா, நீயும் ஒரு தடவை வந்து இவரைப் பாரேன். உன் முழங்காலுக்கும் விடிவு வரும். இரண்டு பேரும் சேர்ந்தே செய்துகொண்டால் என்ன?

குட்டி

பிப்ரவரி 11

குட்டிக்கு,

எல்லோரும் சௌக்கியம். ஆவி பிடித்து அத்தானுக்கு மூக்கு திறந்துவிட்டது. கூடவே வாயும் திறந்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பரவாயில்லையே, உன் தங்கச்சிக்கு எவ்வளவு துணிச்சல்!" என்றார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு அவருக்குத் தட்டு வைக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

நான் எங்கும் வரவில்லை. யார் கையாலும் என்னை அறுத்துக்கொள்ளவும் போவதில்லை. கடைசியாகப் பஸ் ஏறியபோது பக்கத்தில் உட்கார்ந்த ஆள் என்ன செய்தான் தெரியுமா? எழுந்து போய்க் கண்டக்டரிடம், "பாதி சீட்டுக்கு நான் எதுக்கு முழு டிக்கெட் எடுக்கணும்?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. அதற்கப்புறம் நான் இந்தத் தெருமுனையைத் தாண்டுவதில்லை.

நீ ஒல்லியாகி ஊரெல்லாம் சுற்று. நான் தடுக்கவில்லை.

வேலை நிறைய இருக்கிறது.

அக்கா

பிப்ரவரி 28

அக்காவுக்கு,

உன் போன கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. கோபமா? முழங்கால் வலியா? வலி என்றே நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு சேதி. கவுன் தளர்ந்திருக்கிறது! இடுப்பில் பிடித்தால் கையில் துணி வருகிறது. கவுண்டர் நாற்காலியின் கைப்பிடி இப்போது தொடையை அழுத்துவதில்லை. உன் மாப்பிள்ளை ஒன்றும் தெரியவில்லை என்றார். அவர் கண்ணுக்கு என்றைக்கு என்ன தெரிந்தது. சூப்பும் வேகவைத்த காய்கறியும் தின்று தின்று நாக்கு செத்துவிட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன். பயம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஆசையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. பாப்பாவோடு ஓட வேண்டும். காலை மடக்கித் தரையில் உட்கார வேண்டும். கண்ணாடிக் கதவில் நேராக நுழைய வேண்டும்.

ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ள முன்பக்கம் பட்டன் வைத்து நீளமாக ஒரு கவுன் வேண்டும். இதோடு நீலத் துணி அனுப்பியிருக்கிறேன். வழக்கம் போலவே உன் அளவுக்கே வெட்டு. எவ்வளவு தொளதொளவென்று இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடை பார்க்கப் போகிறேன். அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் நீ பக்கத்தில் இருக்கிற மாதிரியும் இருக்கும்.

குட்டி

மார்ச் 9

என் கண்ணான குட்டிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நன்றாகத் தூங்குகிறாயா? மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமா? நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால்கூட இந்த வாரம் தொந்தரவு தரவில்லை.

போன கடிதத்தில் சிடுசிடுத்துவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. கவுன் தைத்தாகிவிட்டது. எல்லா வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு உன்னுடையதைத்தான் முதலில் எடுத்தேன். நல்ல துணி. என் மேல் போட்டுப் பார்த்துத்தான் வெட்டினேன். பட்டன்கள் பாப்பாவுக்குப் பிடிக்கும் என்று பூப் போட்டதாக வைத்திருக்கிறேன். கழுத்துக்கு மெத்தென்று உள்துணி கொடுத்திருக்கிறேன், படுத்திருக்கும்போது உறுத்தாது.

போட்டுப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது. உடனே எழுது.

உன் அக்கா

மார்ச் 16

அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கவுன் அழகாக இருக்கிறது. எனக்குத்தான் பற்றவில்லை. நெஞ்சில் பட்டன் மாட்டவே முடியவில்லை. வயிற்றில் மாட்டி மூச்சு விட்டேன், பூப் போட்ட பட்டன் தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. பாப்பா தேடி எடுத்து வந்து, "அம்மா, நீ பெருசாயிட்டியா?" என்று கேட்டது.

ஆமாம், பெரிசாகியிருக்கிறேன். இத்தனை நாள் சூப்பைக் குடித்துக்கொண்டு பெரிசாகியிருக்கிறேன். பழைய கவுன் துவைத்துத் துவைத்துத் தளர்ந்திருக்கிறது, அதைப் பிடித்துப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். புதுத் துணி பொய் சொல்லாது. உன் கையும் பொய் சொல்லாது.

நேற்று எடை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். போகவில்லை. அந்த மெஷினில் ஏறி, அந்த நர்ஸ் முகம் போகிற போக்கைப் பார்க்க என்னால் முடியாது. வேலைக்குப் போனேன். இடைவேளையில் ஒரு முழு கேக் வாங்கிக் கண்ணாடிக்குள்ளே உட்கார்ந்து தின்றேன். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தின்றேன். ருசிகூடத் தெரியவில்லை.

நீ சொன்னதுதான் சரி. நம் வாகு இது. ஆபரேஷன் வேண்டாம் என்று இந்த மாசக் கடைசியில் போய்ச் சொல்லிவிடப் போகிறேன். உன் மாப்பிள்ளையிடமும் சொன்னேன். வழக்கம் போலத் தோளைத் தட்டத் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

குட்டி

மார்ச் 20

குட்டிக்கு,

உன் நலம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு யோக்கியதை இல்லை. கவுனை எடுத்து உள்பக்கம் திருப்பு. இரண்டு விலாப் பக்கமும் தடவிப் பார். இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன். வெட்டியது வழக்கமான அளவுக்குத்தான். தைத்தது சின்னதாக. கோளாறு துணியில், உன் உடம்பில் இல்லை. நீ இளைத்துத்தான் இருக்கிறாய். அந்தத் தையலைப் பிரித்துவிட்டுப் போட்டுப் பார். முதலில் எடை பார்க்கப் போ, மற்றதை எல்லாம் பிறகு படி.

தெரியாமல் செய்யவில்லை. மடித்தேன், ஊசி குத்தி வைத்தேன், தைத்தேன், இஸ்திரியும் போட்டேன். எனக்குப் பொறாமை குட்டி. வயிறு எரிகிற பொறாமை. இரண்டு பேர் குண்டாக இருந்தால் குடும்ப வாகு என்பார்கள். ஒருத்தி மட்டும் குண்டாக இருந்தால், வாயைக் கட்டத் தெரியாதவள் என்பார்கள். நீ ஒல்லியாகிவிட்டால் அந்த ஒருத்தி நான். "தங்கச்சி எப்படி ஆயிட்டா பாரு, நீ ஏன் இப்படி இருக்கே?" என்று துணி கொடுக்க வருகிற ஒவ்வொருத்தியும் கேட்பாள். கையில் துணி வருகிறது என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்தபோது உன்னை எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் இங்கே படுகிறதை நீயும் ஒரு நாள் பட்டுப் பார் என்று நினைத்தேன். ஒரே நாள். நீ எல்லாவற்றையும் விட்டுவிடுவாய் என்று நினைக்கவில்லை.

அதுவும் பொய்யோ என்னமோ. நினைத்திருக்கலாம்.

போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். "அக்கா, நல்லா இருக்கீங்களா? கவுன் ரொம்ப அழகா இருக்கு" என்றார். அவரிடம் எந்த வாயால் சொல்வேன். வைத்துவிட்டேன்.

பாப்பா கேட்டதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அக்கா

மார்ச் 31

குட்டிக்கு,

எல்லோரும் நலமா என்று மட்டும் எழுது. திட்டியாவது எழுது. எடை பார்க்கப் போனாயா? வேண்டாம் என்று சொல்லிவிட்டாயா? அது தெரியாமல் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

அத்தானிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "பஸ் ஏறிப் போய் அவ காலைப் பிடி" என்றார். நான் பஸ் ஏற மாட்டேன் என்று தெரிந்தே சொன்னார்.

அக்கா

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் நலமாக இருந்து தொலை.

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். உன் மாப்பிள்ளை பிடுங்கிக்கொண்டார். படித்துவிட்டு, "இவங்க கையால தைச்சதைப் போய் அழகா இருக்குன்னேனே" என்றார். அவருக்கு அதுதான் பெரிய வருத்தம்.

மறுநாளே எடை பார்க்கப் போனேன். டாக்டர் கேட்டதைவிடவே குறைந்திருக்கிறது, கேக்கோடு சேர்த்து. நர்ஸ் கை தட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடப் பிறந்தவள் இப்படிச் செய்தாளே என்றுதான் மனசில் ஓடியது. இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை. நீ தவிக்க வேண்டும் என்றுதான் தொடவில்லை.

பொறாமை உனக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதே. நீ திரைச்சீலை போட்ட அறைக்குள் உன் இஷ்டத்துக்கு இருக்கிறாய். நான் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். உன்னைப் பார்த்துச் சிரித்தவனைச் சின்ன வயசிலேயே நீ அடித்தாய். என்னைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்கு இன்றைக்கும் நான் சில்லறை எண்ணிக் கொடுக்கிறேன். உன்னை மாதிரி ஒரு நாளாவது வாயைத் திறந்து பேச வேண்டும் என்று எரிந்திருக்கிறேன். அதற்காக உன் நாக்கை நான் தைத்துவிடவில்லை.

ஏப்ரல் 18 காலையில் ஆபரேஷன். போகத்தான் போகிறேன். ஆனால் பயம் போகவில்லை அக்கா. தியேட்டர் கதவு வரைக்கும் உன் மாப்பிள்ளை வருவார், வந்து என்னைவிட அதிகமாக நடுங்குவார்.

கவுன் இங்கேதான் இருக்கிறது. தையலை நான் பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டேன். தைத்தவள் வந்து என் கண் முன்னால் பிரிக்க வேண்டும்.

இதற்குள் டிக்கெட் இருக்கிறது. என் கவுண்டரில் நானே போட்டேன். 16ஆம் தேதி, ஜன்னல் சீட்டும் அதற்குப் பக்கத்துச் சீட்டும், இரண்டும் உன் பேரில். பக்கத்தில் எவனும் வந்து உட்கார மாட்டான். ஊசி, கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டு வா.

குட்டி

ஏப்ரல் 18, ஆஸ்பத்திரி

குட்டிக்கு,

நீ உள்ளே இருக்கிறாய். நான் வெளியே, கைப்பிடி இல்லாத நீள பெஞ்சில். இங்கே எல்லா நாற்காலியும் அகலமாகத்தான் போட்டிருக்கிறார்கள், யோசித்துப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை மூன்றாவது தடவையாகத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். பாப்பா என் மடியில் தூங்குகிறது, அதற்கு என் மடி தாராளமாகப் போதுகிறது. நீ கண் விழித்துக் கேட்டால் சொல்ல வார்த்தை வராது என்று எழுதி வைக்கிறேன்.

நேற்றைக்கு நீ கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க, நான் தையல் தையலாகப் பிரித்தேன். முடித்ததும் வாங்கிப் போட்டுக்கொண்டாய். இரண்டு பக்கமும் தொளதொளவென்று தொங்கியது. "இப்ப நீ போட்டுப் பாரு" என்றாய். எனக்கு அச்சாகப் பொருந்தியது. நீ கண்ணாடியில் என்னையே பார்த்தாய். நான் சிரித்தேன். சிரித்தேனே தவிர உள்ளே சுருக்கென்றது, அதையும் சொல்லிவிடுகிறேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய்.

காலையில் உன்னைத் தள்ளிக்கொண்டு போனபோது நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கதவு வந்ததும் நர்ஸ் பிரித்துவிட்டாள். பிரித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கு எப்ப ஆபரேஷன்?" என்றாள். "நான் பேஷன்ட் இல்ல. டெய்லர்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மயக்க ஊசி போடுவதற்கு முன்னாலேயே நீ சிரித்துக்கொண்டு உள்ளே போனாய். நான் பார்த்தேன்.

இப்போதுதான் டாக்டர் வெளியே வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, மூச்சு சீராக இருக்கிறது என்றார். மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுததில் பாப்பா எழுந்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். இனிமேல் என் மேல் போட்டுப் பார்த்து உனக்கு வெட்ட முடியாது. காலையில் நர்ஸ்கள் வருவதற்கு முன்னால், நீ தூக்கக் கலக்கத்தில் "என்ன பண்றே?" என்று கேட்டாயே, அப்போது டேப்பை எடுத்து உன்னை அளந்துகொண்டிருந்தேன். முதல் தடவையாக. நெஞ்சு, இடுப்பு, கை, எல்லாம். அந்த அளவும் நிற்கப் போவதில்லை, மாதா மாதம் குறையுமாம், டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அதனால் மாதா மாதம் அளவெடுக்க நான் வந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் டேப்பை இழுக்கும்போது கொஞ்சம் முணுமுணுப்பேன், பொறுத்துக்கொள்.

சீக்கிரம் எழுந்து கவுண்டருக்குப் போ. எனக்கு ஜன்னல் சீட்டும் பக்கத்துச் சீட்டும் போட்டு வை.

பெஞ்சில் காத்திருக்கும்,
அக்கா